பாக்டீரியாவும் ஃபேஜும்: ஒட்டுவதில் தொடங்கி மருத்துவம் வரை, படிப்படியாக

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு பாக்டீரியோஃபேஜ் என்று பெயர். சுருக்கமாக ஃபேஜ். இவற்றைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஆண்டிபயாடிக் எல்லாம் கைவிட்ட நோயாளியை ஒரு "நல்ல வைரஸ்" வந்து பிழைக்க வைத்தது. அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. காலரா பாக்டீரியாவுக்கு அதன் நச்சைக் கொடுத்ததும் ஒரு ஃபேஜ்தான்.

ஒரு ஃபேஜும் ஒரு பாக்டீரியாவும் சந்தித்தால் என்ன நடக்கிறது என்பதை வரிசையாகத் தெரிந்துகொண்டால், இந்த இரண்டு கதைகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவது புரியும். ஃபேஜ் சிகிச்சை எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதையும் அந்த வரிசையில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். தோல்விகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு படியில்தான் நடந்திருக்கின்றன. அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியும் போகிறது. மருத்துவப் பகுதிக்கு நேராகத் தாவ வேண்டாம். முதல் ஐந்து படிகள் இல்லாமல் அது புரியாது.

முன்னறிமுகம்: அளவும் எண்ணிக்கையும்

1915-ல் ஃபிரடெரிக் ட்வார்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், தான் வளர்த்த பாக்டீரியாக் கூட்டங்கள் கண்ணாடி போலத் தெளிந்து அழிவதைக் கண்டு எழுதினார். 1917-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஃபெலிக்ஸ் டெரெல், சீதபேதி நோயாளிகளின் மலக் கரைசலை பாக்டீரியாவால் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். அந்த வடிநீர் சீதபேதி பாக்டீரியாவைக் கரைத்தது. பாக்டீரியோஃபேஜ் என்ற பெயரை வைத்ததும் அவர்தான். இது வைரஸா, வெறும் நொதியா என்ற சண்டை 1940-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் வரும் வரை ஓயவில்லை.

அதிகம் ஆராயப்பட்ட ஃபேஜ்களில் ஒன்றான டி4, தலையிலிருந்து வால் நுனி வரை சுமார் 200 நானோமீட்டர். அது தாக்கும் ஈ.கோலை பாக்டீரியா அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு நீளம். ஃபேஜ் என்பது புரத உறைக்குள் இருக்கும் மரபுப்பொருள், அவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் அது டிஎன்ஏ, சிலவற்றில் ஆர்என்ஏ. எம்எஸ்2 என்ற ஆர்என்ஏ ஃபேஜின் மொத்த மரபுத்தொகுதியே 3,569 எழுத்துகள்தான். 1976-ல் முழுமையாக வாசித்து முடிக்கப்பட்ட அது, அப்படி வாசிக்கப்பட்ட முதல் மரபுத்தொகுதி.

பூமியில் மொத்தம் எத்தனை ஃபேஜ்கள்? பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு, 1-க்குப் பின்னால் 31 பூஜ்ஜியங்கள். இந்த எண்ணை மனதில் கற்பனை செய்ய முயல்வதில் பயனில்லை. பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் ஃபேஜும் இருக்கும், வழக்கமாக அதைவிட அதிகமாக இருக்கும் என்பது போதும்.

படி 1: ஒட்டுதல்

ஃபேஜுக்கு நீந்தத் தெரியாது, தேடிப் போகவும் தெரியாது. நீரின் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளும் பக்கமெல்லாம் அலைந்து, தற்செயலாக ஒரு பாக்டீரியா மீது மோதுகிறது. ஆகவே பாக்டீரியா எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சந்திப்பு நடக்கும். பாக்டீரியா அரிதாக இருந்தால் ஃபேஜ் வெறுமனே மிதந்துகொண்டிருக்கும். சாதாரணமாகத் தோன்றும் இந்த விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சைப் பகுதியில் தேவைப்படும்.

மோதினால் மட்டும் போதாது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் ஏற்பி, அதாவது பிடித்துக்கொள்ளும் இடம், இருந்தால்தான் ஃபேஜ் ஒட்டும். டி4-இன் நீண்ட கால் இழைகள் முதலில் தளர்வாகத் தொட்டுப் பார்க்கின்றன. வேண்டிய புரதமோ சர்க்கரைத் தொடரோ கிடைத்தால் குட்டை இழைகள் இறங்கி இறுகப் பிடிக்கின்றன. அதுவரை விலகிப் போகலாம், அதற்குப் பிறகு முடியாது. லாம்டா என்ற ஃபேஜ், மால்டோஸ் சர்க்கரையை உள்ளே இழுக்க ஈ.கோலை வைத்திருக்கும் புரதத்தைப் பிடிக்கிறது. எம்13, பாக்டீரியா நீட்டும் மெல்லிய இழையின் நுனியைப் பிடிக்கிறது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஃபேஜ்கள் பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் பாக்டீரியாவுக்கு ஏதோ ஒரு வேலைக்குத் தேவையானவை: உணவு இழுக்க, நீந்த, குடலில் ஒட்ட, மருந்தை வெளியே தள்ள. ஃபேஜிடமிருந்து தப்பிக்க பாக்டீரியா அந்த வாசலை அடைத்தால், அந்த வேலையும் நின்றுபோகலாம். ஃபேஜ் மருத்துவத்தின் சாமர்த்தியமான உத்திகளில் ஒன்று முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

ஏற்பி இவ்வளவு குறிப்பாகப் பொருந்த வேண்டியிருப்பதால், பெரும்பாலான ஃபேஜ்கள் ஒரு பாக்டீரிய இனத்துக்குள்ளேயே சில வகைகளை மட்டும்தான் தாக்கும். ஒரு நோயாளியின் ஈ.கோலையைக் கொல்லும் ஃபேஜ், அடுத்த படுக்கையில் இருப்பவரின் ஈ.கோலையைத் தொடக்கூட மாட்டாது. மனித செல்களில் இந்த ஏற்பிகள் இல்லாததால் ஃபேஜ் நம் செல்களைத் தொற்றுவதில்லை.

படி 2: உள்ளே செலுத்துதல்

டி4-இன் வாலைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. வாலின் நுனியில் இருக்கும் அடித்தட்டு தன் வடிவத்தை மாற்றியதும் உறை சுருங்கி, உள்ளே இருக்கும் குழாயை பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக்குள் தள்ளுகிறது. குழாயின் நுனியில் இருக்கும் நொதி செல்சுவரை அரித்து வழி செய்கிறது. டிஎன்ஏ இறங்கிவிடும், காலி உறை வெளியே நிற்கும். எல்லா ஃபேஜும் இப்படிச் சுருங்குவதில்லை. குட்டை வால் கொண்ட டி7, தன் டிஎன்ஏவில் கொஞ்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது. மீதியை பாக்டீரியாவின் நொதியே படியெடுத்துக்கொண்டே உள்ளே இழுக்கிறது.

உள்ளே போவது டிஎன்ஏதான், புரதம் வெளியிலேயே தங்கிவிடுகிறது என்பதை வைத்துத்தான் 1952-ல் ஆல்ஃப்ரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும், மரபுச் செய்தியைச் சுமப்பது டிஎன்ஏ என்று காட்டினார்கள். கதிரியக்கப் பாஸ்பரஸால் டிஎன்ஏவையும் கதிரியக்கக் கந்தகத்தால் புரதத்தையும் அடையாளமிட்டு, சமையலறை மிக்ஸி போன்ற கருவியில் சுழற்றி வெளியில் ஒட்டியிருந்த உறைகளைப் பிரித்தார்கள்.

படி 3: கொல்வதா, குடியேறுவதா

மொத்த வரிசையிலும் அதிகக் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டி4, டி7 போன்றவற்றுக்கு ஒரே பாதை. உள்ளே போனதும் பாக்டீரியாவின் டிஎன்ஏவை உடைத்து அந்தப் பொருளையே தன் நகல்களுக்குப் பயன்படுத்துகின்றன. தலை, வால், இழை எல்லாம் தனித்தனியாகத் தயாராகிப் பிறகு ஒன்றுசேர்கின்றன. கடைசியில் ஹோலின் என்ற புரதம் உட்சவ்வில் துளையிடுகிறது, எண்டோலைசின் என்ற நொதி அந்தத் துளை வழியே போய் செல்சுவரை அறுக்கிறது. பாக்டீரியா வெடிக்கிறது. டி4-க்கு நல்ல ஊட்டமுள்ள ஊடகத்தில் இந்த முழு வேலைக்கும் அரை மணி நேரம் போதும், ஒரு செல்லிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட புது ஃபேஜ்கள் வெளிவரும். இவற்றைக் கொல்லும் ஃபேஜ்கள் என்று சொல்லிக்கொள்வோம்.

லாம்டா வேறு ரகம். உள்ளே போனதும் அதற்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, மேலே சொன்னபடி பெருகி வெடிப்பது. இன்னொன்று, தன் டிஎன்ஏவை பாக்டீரியாவின் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் செருகிக்கொண்டு அமைதியாகத் தங்கிவிடுவது. தங்கிவிட்டால் சிஐ என்ற அடக்கிப் புரதம் மற்ற ஃபேஜ் மரபணுக்களை வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கும். பாக்டீரியா பிரியும்போதெல்லாம் ஃபேஜின் டிஎன்ஏவும் கூடவே இரட்டிக்கும். இப்படித் தங்கிய ஃபேஜுக்குப் புரோஃபேஜ் என்று பெயர். பாக்டீரியாவின் டிஎன்ஏ பலமாகச் சேதமடைந்தால், அதன் பழுதுபார்க்கும் அலாரம் சிஐ புரதத்தையும் உடைத்துவிடும். உடனே புரோஃபேஜ் விழித்து, பெருகி, செல்லை வெடித்துக்கொண்டு வெளியேறும். புற ஊதா ஒளி பட்டால் இது நடப்பதை 1950-ல் ஆந்த்ரே ல்வோஃப் காட்டினார்.

எந்த வழி என்று லாம்டா எப்படித் தீர்மானிக்கிறது? ஒரே செல்லுக்குள் பல ஃபேஜ்கள் ஒரே நேரத்தில் நுழைந்தாலோ, பாக்டீரியா பட்டினியில் இருந்தாலோ, தங்குவதன் பக்கம் சாய்கிறது. வெளியே ஃபேஜ் அதிகம், பாக்டீரியா குறைவு என்றால் வெடிப்பதில் லாபமில்லை. பேசிலஸ் பாக்டீரியாவைத் தாக்கும் சில ஃபேஜ்கள் இதில் ஒரு படி மேலே போய்விட்டன. ஒவ்வொரு தொற்றின்போதும் ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு செய்தி மூலக்கூறை வெளியே விடுகின்றன. அது ஊடகத்தில் நிறைய சேர்ந்துவிட்டால், பின்னால் வருபவை கொல்வதை விட்டுவிட்டுக் குடியேறுகின்றன. வைரஸ்கள் தமக்குள் செய்தி சொல்லிக்கொள்கின்றன என்று 2017-ல் இது வெளியானபோது எனக்கு நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எம்13 இரண்டிலும் சேராது. அது செல்லைக் கொல்லாமலேயே இழை இழையாகக் கசிந்து வெளியேறிக்கொண்டிருக்கும். பாக்டீரியா மெதுவாக வளரும், ஆனால் உயிரோடு இருக்கும்.

படி 4: பாக்டீரியாவின் பதிலடி

பாக்டீரியா சும்மா இருக்காது. முதல் தற்காப்பு எளிமையானது: ஏற்பியை மாற்றுவது, மறைப்பது, விட்டுவிடுவது. 1943-ல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்த புகழ்பெற்ற பரிசோதனை இதைத்தான் தொட்டது. ஃபேஜை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் ஃபேஜைப் பார்த்த பிறகு மாறியவை அல்ல, அதற்கு முன்பே தற்செயலான மரபணு மாற்றத்தால் கூட்டத்தில் இருந்தவை என்று கணக்கோடு நிறுவினார்கள். அதாவது பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும் ஒரு புண்ணில், எதிர்ப்புள்ள சில செல்கள் மருந்து கொடுப்பதற்கு முன்பே அங்கே இருக்கலாம்.

இரண்டாவது, உள்ளே வந்த டிஎன்ஏவை வெட்டுவது. பாக்டீரியா தன் டிஎன்ஏவில் சில இடங்களில் வேதி அடையாளம் வைத்துக்கொள்கிறது. அடையாளம் இல்லாத டிஎன்ஏ வந்தால் வெட்டு நொதிகள் துண்டாக்கும். இந்த நொதிகளைக் கண்டறிந்து பயன்படுத்தியதற்காக 1978-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மரபணுப் பொறியியல் தொழிலே இவற்றை வைத்துத்தான் தொடங்கியது. மூன்றாவது, கிரிஸ்பர். முன்பு வந்த ஃபேஜின் டிஎன்ஏவில் ஒரு துண்டை பாக்டீரியா தன் குரோமோசோமில் சேமித்து வைத்து, அதே ஃபேஜ் மீண்டும் வந்தால் அடையாளம் கண்டு வெட்டும். தயிர், சீஸ் தயாரிப்பில் பயன்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவில் இது 2007-ல் செய்முறையாகக் காட்டப்பட்டது. சீஸ் தொழிலுக்கு ஃபேஜ் பல பத்தாண்டுகளாகத் தீராத தலைவலி. பாக்டீரியா செத்தால் பால் புளிக்காது. அந்தத் தலைவலியிலிருந்துதான் இந்தக் கண்டுபிடிப்பு வந்தது.

நான்காவது தற்காப்பு கொஞ்சம் கொடூரமானது. தொற்று பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் செல் தானே செத்துவிடும். ஃபேஜ் பெருகி முடியும் முன்பே செத்துவிட்டால் பக்கத்துச் செல்கள் தப்பிக்கும். இப்படி நூறுக்கும் மேற்பட்ட தற்காப்பு முறைகள் இப்போது தெரியும். சிலவற்றின் பாகங்கள் மனித செல்களில் வைரஸைக் கண்டுபிடிக்கும் அமைப்புக்கு உறவினர்கள்.

ஃபேஜும் விடுவதில்லை. டி4 தன் டிஎன்ஏவின் ஓர் எழுத்தையே வேதி முறையில் மாற்றி, அதன்மேல் சர்க்கரை பூசிக்கொள்கிறது, பல வெட்டு நொதிகள் ஏமாந்துபோகும். சில ஃபேஜ்கள் கிரிஸ்பரை முடக்கும் சிறு புரதங்களை வைத்திருக்கின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் சில ராட்சத ஃபேஜ்கள் பாக்டீரியாவுக்குள் போனதும் தம் டிஎன்ஏவைச் சுற்றிப் புரத ஓடு கட்டிக்கொள்கின்றன. வெட்ட வரும் நொதி வெளியே நிற்க வேண்டியதுதான்.

காலரா பாக்டீரியாவைத் தாக்கும் ஐசிபி1 என்ற ஃபேஜின் கதை இன்னும் சிக்கலானது. பாக்டீரியா தன் குரோமோசோமில் ஒரு தற்காப்புத் தீவை, அதாவது ஃபேஜைத் தடுக்கும் மரபணுக்களின் தொகுப்பை, வைத்திருக்கிறது. ஐசிபி1-இன் சில வகைகளோ அந்தத் தீவை வெட்ட ஒரு முழு கிரிஸ்பர் அமைப்பையே சுமக்கின்றன. பாக்டீரியாவின் ஆயுதம் வைரஸின் கையில்!

படி 5: இயற்கையில் இதன் விளைவு

கடல்மேல் நீர் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்களும் ஒரு கோடி வைரஸ்களும் இருக்கும். இந்த அளவுக்கு இருக்கின்றன என்பதே 1989-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணிய பிறகுதான் தெளிவானது. அதற்கு முன் தட்டில் வளர்த்து எண்ணினார்கள், வளராதவை கணக்கில் வரவில்லை. கடல் நுண்ணுயிர்த் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை வைரஸ்கள் நாள்தோறும் கொல்வதாக மதிப்பிடப்படுகிறது. வெடித்த செல்லின் கார்பனும் நைட்ரஜனும் இரும்பும் பெரிய உயிர்களின் வாய்க்குப் போகாமல் நீரிலேயே கரைந்து, மறுபடியும் பாக்டீரியாவுக்கே உணவாகின்றன.

இன்னொரு விளைவு, சந்திப்பு விகிதம் பற்றி முதல் படியில் சொன்னதிலிருந்து நேராக வருகிறது. எந்த பாக்டீரிய வகை பெருகி அடர்த்தியாகிறதோ, அதைத் தாக்கும் ஃபேஜும் அங்கே பெருகும். முந்துகிறவன் தலையில்தான் குட்டு விழும். அதனால் ஒரே வகை எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. ஒளிச்சேர்க்கை செய்யும் கடல் பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்கள் பலவற்றில் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களே இருக்கின்றன. தான் பெருகி முடிக்கும் வரை செல்லின் ஆற்றல் உற்பத்தி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள அவை உதவுகின்றன.

நம் குடலிலும் இதே உறவு நடக்கிறது. மனிதக் குடலில் மிகப் பரவலாக இருக்கும் ஃபேஜ் குடும்பங்களில் ஒன்றான கிராஸ்ஃபேஜ், 2014 வரை யாருக்கும் தெரியாது. பலருடைய மல மாதிரிகளின் டிஎன்ஏ தரவுகளைக் கணினியில் ஒன்றாகக் கோத்தபோதுதான் வெளிப்பட்டது.

அப்புறம், குடியேறும் ஃபேஜ்களின் இருண்ட பக்கம். புரோஃபேஜ் தன்னோடு எடுத்து வரும் மரபணு பாக்டீரியாவுக்கும் பயன்பட்டால் இருவருக்கும் லாபம், நமக்கு நஷ்டம். தொண்டை அடைப்பான் நோயின் நச்சு மரபணு ஒரு ஃபேஜுடையது. நச்சில்லாத பாக்டீரியாவில் அந்த ஃபேஜ் தொற்றினால் அது நச்சு உமிழத் தொடங்கும் என்று 1951-லேயே காட்டப்பட்டது. காலரா நச்சின் மரபணுவும் ஒரு இழைவடிவ ஃபேஜில்தான் இருக்கிறது என்று 1996-ல் மாத்யூ வால்டரும் ஜான் மெக்கலானஸும் கண்டறிந்தார்கள். அந்த ஃபேஜ் ஒட்டும் இழைதான் பாக்டீரியா குடலில் ஒட்டிக் குடியேறவும் உதவுகிறது.

ஷிகா நச்சைச் சுமக்கும் ஈ.கோலை வகைகளில் நச்சு மரபணு புரோஃபேஜில் இருப்பதால், டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் சில ஆண்டிபயாடிக்குகள் அதை விழிக்க வைத்து நச்சைக் கூட்டிவிடக்கூடும். இந்தத் தொற்றுக்கு ஆண்டிபயாடிக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவதற்கு இது ஒரு காரணம். 2011-ல் ஜெர்மனியில் பெரிய அளவில் பரவி சுமார் 50 பேரைப் பலிகொண்ட ஈ.கோலை வகை, அந்த நச்சு ஃபேஜைப் பெற்றுக்கொண்ட இன்னொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

படி 6: ஃபேஜைப் பார்ப்பதும் எண்ணுவதும்

ஆய்வகத்தில் இன்னமும் பயன்படுவது நூறாண்டுப் பழைய முறைதான். கழிவுநீர், மண், குளத்து நீர் எதையாவது எடுத்து, சுழற்றி, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்தால் பாக்டீரியா நின்றுவிடும், ஃபேஜ் கடந்துவிடும். அந்த வடிநீரைப் படிப்படியாக நீர்த்து, வேண்டிய பாக்டீரியாவோடு மென்மையான அகார் என்ற கூழில் கலந்து தட்டில் ஊற்றி வைப்பார்கள். மறுநாள் பாக்டீரியா மூடிய தட்டில் வட்ட வட்டமாகத் தெளிவான பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டும் ஒரு ஃபேஜில் தொடங்கியது.

கணக்கு சுலபம். 10 லட்சம் மடங்கு நீர்த்த கரைசலில் 0.1 மில்லிலிட்டர் ஊற்றி 42 பொட்டுகள் வந்தால், மூலக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 42 கோடி ஃபேஜ்கள். பொட்டு முழுத் தெளிவாக இருந்தால் கொல்லும் ஃபேஜாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் மங்கலாக இருந்தால், அங்கே புரோஃபேஜைத் தாங்கித் தப்பிய பாக்டீரியா வளர்ந்திருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது, மரபுத்தொகுதியை வாசித்தே ஆக வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பாக்டீரியாவும் ஃபேஜும் சம எண்ணிக்கையில் கலந்து எல்லா ஃபேஜும் ஒட்டினால்கூட, 37 சதவீதம் பாக்டீரியாவை எந்த ஃபேஜும் தொட்டிருக்காது. சிலவற்றில் இரண்டு மூன்று ஏறியிருக்கும். "ஒன்றுக்கு ஒன்று போதும்" என்ற கணக்கு சிகிச்சையில் பலிக்காது.

படி 7: நோயாளியிடம் கொண்டுபோவது

டெரெல் 1919-லேயே பாரிஸில் சீதபேதி வந்த குழந்தைகளுக்கு ஃபேஜ் கொடுத்தார். முதலில் தானும் சக மருத்துவர்களும் குடித்துப் பார்த்த பிறகுதான். அவருடைய நண்பர் ஜார்ஜ் எலியாவா 1923-ல் ஜார்ஜியாவின் திபிலிசியில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்டாலின் ஆட்சி 1937-ல் எலியாவாவைச் சுட்டுக் கொன்றது, நிறுவனம் பிழைத்தது, இன்றும் நடக்கிறது. மேற்கு நாடுகளில் பெனிசிலின் வந்ததும் ஃபேஜ் ஓரங்கட்டப்பட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. அன்றைய தயாரிப்புகளில் பலவற்றில் உயிருள்ள ஃபேஜே இல்லை, நோய்க்குப் பொருந்தாத ஃபேஜ் இருந்தது, அல்லது பாக்டீரியாக் கழிவு நிறைந்திருந்தது. பெனிசிலினுக்கு இந்தப் பொருத்தத் தொல்லை எதுவும் இல்லை.

இப்போது மறுபடி பேச்சு வருவதற்குக் காரணம் தெரிந்ததுதான். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக ஏற்பட்ட மரணங்கள் 2019-ல் மட்டும் 12.7 லட்சம் என்று ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது.

சரி, நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? நோயாளியின் உடலிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து வளர்க்கிறார்கள். சேமிப்பில் உள்ள ஃபேஜ்களை அதன்மேல் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். பொருந்துவது எதுவும் இல்லையென்றால் கழிவுநீரிலும் மண்ணிலும் புதிதாகத் தேட வேண்டும். கிடைத்ததன் மரபுத்தொகுதியை வாசித்து, குடியேறும் வகையா, நச்சு மரபணுவோ மருந்து எதிர்ப்பு மரபணுவோ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் கழித்துவிட வேண்டும். அப்புறம் பெருக்கி, வெடித்த பாக்டீரியாவின் எச்சங்களைச் சுத்தமாக நீக்க வேண்டும். ஈ.கோலை போன்றவற்றின் வெளிச்சவ்வில் இருக்கும் எண்டோடாக்சின் ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். கடைசியாக, ரத்த நாளமா, மூச்சோடு உள்ளிழுப்பதா, புண்ணில் தடவுவதா என்ற முடிவு. தொற்று இருக்கும் இடத்துக்கு ஃபேஜ் போய்ச் சேராவிட்டால் முதல் ஐந்து படிகளும் வீண்.

2016-ல் கலிபோர்னியாவின் சான் டியகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியருக்கு இதெல்லாம் அவசரகதியில் நடந்தது. அசினெட்டோபேக்டர் பாமனீ என்ற, எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாத் தொற்றால் அவர் கோமாவில் இருந்தார். தொற்றுநோயியல் ஆய்வாளரான மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி பல ஆய்வகங்களுக்கு எழுதி ஃபேஜ் தேடினார். ஃபேஜ் செலுத்திய சில நாட்களில் அவர் விழித்தார். செய்திகள் இத்துடன் நின்றுவிடும். ஆனால் நான்காம் படி இங்கேயும் நடந்தது. கொடுத்த ஃபேஜ்களுக்கு பாக்டீரியா எதிர்ப்பு பெற்றது, புதிய ஃபேஜைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது, ஆண்டிபயாடிக்கும் கூடவே கொடுக்கப்பட்டது.

2018-ல் லண்டனில் நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றால் தவித்த 15 வயதுச் சிறுமியின் சிகிச்சை இன்னும் சுவாரசியமானது. மூன்று ஃபேஜ்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் இரண்டு இயல்பில் ஒழுங்காகக் கொல்லாதவை. கிரஹாம் ஹேட்ஃபுல் தலைமையிலான குழு அவற்றின் அடக்கி மரபணுவை நீக்கி, மூன்றாம் படியில் பார்த்த குடியேறும் வழியை அடைத்துவிட்டது. மூன்றாவது ஃபேஜ் தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயின் அடியிலிருந்து எடுத்தது. சிறுமியின் புண்கள் ஆறத் தொடங்கின.

யேல் பல்கலைக்கழகத்தில் பால் டர்னரும் பெஞ்சமின் சானும் பயன்படுத்திய ஃபேஜ் வேறு வகையில் புத்திசாலித்தனமானது. அது சூடோமோனாஸ் பாக்டீரியா ஆண்டிபயாடிக்கை வெளியே இறைக்கும் பம்பின் ஒரு பாகத்தைத்தான் பிடிக்கிறது. பாக்டீரியா தப்பிக்க அந்தப் பம்பை மாற்றினால், பழைய ஆண்டிபயாடிக் மறுபடி வேலை செய்யும். தப்பித்தாலும் மாட்டும். எதிர்ப்பு வராத ஃபேஜைத் தேடுவதைவிட, எதிர்ப்பு வந்தால் பாக்டீரியா எதை இழக்கும் என்று பார்த்துத் தேர்வு செய்வது நல்ல வழி என்பது என் கருத்து.

படி 8: எங்கே தோற்கிறது

தோல்விகளைப் படிப்பது வெற்றிகளைப் படிப்பதைவிடப் பயனுள்ளது. ஃபேகோபர்ன் என்ற ஐரோப்பியச் சோதனையில் தீக்காயத்தில் சூடோமோனாஸ் தொற்று உள்ளவர்களுக்கு 12 ஃபேஜ்கள் கலந்த மருந்து தடவப்பட்டது. ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஃபேஜ் இருக்க வேண்டும் என்பது திட்டம். சேமிப்பில் ஃபேஜ்கள் செயலிழந்து, நோயாளிகளுக்குக் கிடைத்தது வெறும் 10 முதல் 100 வரைதான். வழக்கமான வெள்ளிக் களிம்பைவிட அது மெதுவாகவே வேலை செய்தது. "ஃபேஜ் பயனற்றது" என்று இதை வாசிப்பது தவறு. ஆனால் 12 ஃபேஜ் கலவையை நிலையாக வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அது காட்டிவிட்டது.

வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு ஈ.கோலை ஃபேஜ் வாய்வழி கொடுத்த சோதனையின் முடிவு 2016-ல் வெளிவந்தது. பாதுகாப்புப் பிரச்சினை எதுவும் இல்லை, பலனும் இல்லை. குடலில் இலக்கு பாக்டீரியா போதிய அடர்த்தியில் இல்லை, ஃபேஜ் பெருகவில்லை. முதல் படியில் குறித்துக்கொள்ளச் சொன்ன விஷயம் இதுதான்.

இன்னும் சில தடைகள் உண்டு. மனித செல்லுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை ஃபேஜ் எட்டுவது கடினம். எதிர்ப்பாற்றல் நல்ல நிலையில் உள்ளவர்களின் உடல், சில வாரங்களில் ஃபேஜுக்கு எதிராகவே ஆண்டிபாடி உருவாக்கி அதை முடக்கலாம். பயோஃபிலிம் எனப்படும் பாக்டீரியாப் படலத்தில் ஃபேஜ் ஆழமாகப் போக வேண்டுமென்றால், சில ஃபேஜ்களிடம் இருக்கும் சர்க்கரைப் படலத்தை அறுக்கும் நொதி உதவும். எல்லாவற்றிடமும் அது இல்லை.

2024-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான, தனித்தனி நோயாளிகளுக்கு ஏற்பத் தயாரித்த 100 சிகிச்சைகளின் தொகுப்பில் 77 சதவீதத்தில் நலம் கூடியதாகவும், 61 சதவீதத்தில் இலக்கு பாக்டீரியா ஒழிந்ததாகவும் பதிவானது. ஆண்டிபயாடிக் கூடவே கொடுக்காத இடங்களில் பாக்டீரியா ஒழிவதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இதில் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆண்டிபயாடிக்குக்கு மாற்றாக ஃபேஜ் வரும் என்று எழுதுகிறவர்கள் இந்தத் தரவைப் பார்த்தால் "மாற்றாக" என்ற சொல்லை எடுத்துவிட்டு "துணையாக" என்று திருத்துவார்கள்.

ஃபேஜையே கொடுக்காமல் அதன் எண்டோலைசினை மட்டும் மருந்தாகக் கொடுக்கவும் முயல்கிறார்கள். உணவுத் துறையில் வழி இன்னும் நேரானது: லிஸ்டீரியா பாக்டீரியாவை ஒழிக்க இறைச்சி மீது தெளிக்கும் ஃபேஜ் கலவைக்கு 2006-லேயே அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மருந்தாக வரும்போதுதான் சிக்கல். ஒரே கலவையை லட்சக்கணக்கானோருக்குக் கொடுக்கும் மாத்திரைக்காக எழுதப்பட்ட விதிகள், நோயாளிக்கு நோயாளி மாறும், நாளடைவில் மாற்றவும் வேண்டியிருக்கும் ஒரு பொருளுக்கு ஒத்துவரவில்லை. பெல்ஜியம் 2018-லிருந்து இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுக்க, மருந்தாளர் அந்த ஒரு நோயாளிக்காகத் தயாரிப்பார். ஃபேஜின் மூலப்பொருள் தரத்தை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் தனியாகச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும்.